ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்காத கிரேஸ் மேடம்

கிரேஸ் மேடம் காலமான செய்தி எனக்கு மட்டும் வந்திருக்க வேண்டியது. என் கைராசி, ஒரு கல்யாண மண்டபத்துக்கே வந்துவிட்டது.

அல்சூரில் ஒரு வரவேற்பு. சாமியானா, நாற்காலி, மைக் செட் எல்லாம் என்னுடையது. மேடை ஓரம் நின்று மைக்கைப் பிடித்து “செக், செக்” சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் செல்போன் அடித்தது. மகள் பவித்ரா. மறுகையால் எடுத்தேன். அவள் சொன்னதைக் கேட்டதும், வாயருகே இருந்த மைக்கை மறந்து, “செத்துட்டாங்களா? எப்போ? முந்தாநாள்கூட நல்லா பேசினாங்களே!” என்று கத்திவிட்டேன். நான்கு மூலையிலும் வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டிகள் விசுவாசமாக அதைத் திருப்பிச் சொல்லின. பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு அப்படியே நின்றார். பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார்.

“யாருய்யா செத்தது? எங்க சைடா, மாப்பிள்ளை சைடா?”

“எங்க சைடுங்க” என்றேன்.

வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். மேடம் இருந்து இதைக் கேட்டிருந்தால், “எக்ஸ்சேஞ்ச்ல வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரு லைன்ல பேசினதை இன்னொரு லைனுக்கு நான் கேக்க விட்டதில்ல. உனக்கு ஒரு நிமிஷம் போதும்பா” என்று சிரித்திருப்பார்.

இந்த நினைவு மலரைப் படிக்கிற காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், அல்சூர்க்காரர்களில் பாதிப்பேருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். என்னை எழுதச் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவன், தமிழில் பாஸ், மற்ற பாடங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். ஆனால் பூசணிக்காய் விஷயத்தில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை மைக் பிடித்தவன் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

கிரேஸ் மேடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காக்ஸ் டவுனில் ஓட்டு வீடு. பின்கட்டில் தம்பி வில்சன், அவர் மனைவி, மகன். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போன் அடித்தால் யாரும் வெறும் ஹலோ சொல்லக் கூடாது. “குட் மார்னிங். சொல்லுங்க, லைன்ல இருக்கேன்” என்றுதான் சொல்ல வேண்டும். வில்சன் அண்ணன் அதையே சொல்வார், அவர் மனைவி சொல்வார், பேச்சு வந்த நாளிலிருந்து பையனும் சொன்னான். சாயங்காலம் ஆறு மணிக்கும் குட் மார்னிங்தான். என் மனைவி செல்வி அங்கே போன் போடும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். “ஒரு வீடே எக்ஸ்சேஞ்சா இருக்குதுங்க.”

நான் அவருக்குப் பழக்கமானது சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு மைக் போடப் போய். அந்த ஏலத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காணிக்கையாக வந்த முட்டை, வாழைத்தார், பூசணிக்காய் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பணத்தையும் கொடுத்து, எடுத்த பொருளையும் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே முட்டை ஏழெட்டுப் பேர் கைமாறிக் கடைசியில் யார் கையிலாவது உடையும். முதல் தடவை பார்த்தபோது, இதில் ஏதோ கூட்டுக் களவாணித்தனம் இருக்கிறது என்றே முடிவு செய்தேன். விற்ற சாமானைத் திரும்ப வாங்கி விற்கிற வியாபாரம் உலகத்தில் வேறு எங்கே உண்டு?

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட்டார்கள். ரிப்பேர் என்றார்கள். ரிப்பேருக்கு ஒரு கொத்தனார்கூட வரவில்லை. அந்த இடத்தில் எம்.எல்.ஏ.வின் மைத்துனர் கடைவளாகம் கட்டப் போகிறார் என்று டீக்கடைவரை பேச்சு வந்துவிட்டது. எம்.எல்.ஏ. லேசுப்பட்டவர் அல்ல. அவரைக் கேள்வி கேட்டவர் வீட்டுக்குத் தண்ணீர் வராது, ரேஷன் கார்டு வராது, ராத்திரி கல் மட்டும் வரும். என் பவித்ரா பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. எம்.எல்.ஏ. கூட்டங்களுக்கும் மைக் என்னுடையதுதானே.

வாயைத் திறந்தவர் அங்கே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற வெங்கடலட்சுமம்மா. எங்கள் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர். அவரைச் சுயேச்சையாக நிறுத்துவது என்று கிரேஸ் மேடம் முடிவு செய்தார். எலெக்‌ஷன் என்றால் பணம் வேண்டுமே? மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“முருகேசா, ரோட்டுல ஏலம் விடப் போறோம். பூசணிக்காய். சர்ச்ல விடற மாதிரியே.”

“எத்தனை பூசணிக்காய் மேடம்?”

“ஒண்ணு.”

எங்கள் வீட்டுக் கூரைமேல் பூசணிக்காய் காய்த்தால்கூட நம்பாத ஆள் நான். “ஒரு பூசணிக்காயை வெச்சு எம்.எல்.ஏ.வைத் தோக்கடிக்கப் போறீங்களா?” என்றேன்.

“ஒரே பூசணிக்காயை வெச்சு. அதுலயும் யாரும் அம்பது ரூபாய்க்கு மேல கேக்கக் கூடாது. அம்பதுல ஏலம் நின்னுடும்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெங்கடலட்சுமம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு, தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். “ஐயோ கிரேஸம்மா, ஜாஸ்தி குடுக்கறவங்களையும் பேடா, வேணாம்னு சொல்றதா? நம்ம கிட்ட ஏனு இருக்குது?”

அன்று மேடம் சொன்ன வாக்கியம் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். “பெரிய நோட்டு குடுக்கறவன் ஜெயிச்சப்புறம் கேக்க வருவான். சின்ன நோட்டு குடுக்கறவன் எலெக்‌ஷன் அன்னிக்கி ஓட்டுப் போட வருவான். நமக்கு யாரு வேணும்?”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்ச் செல்வியிடம் சொன்னேன்: “இதுல அந்தம்மாவுக்கு என்ன கெடைக்குதுன்னு தெரியல. ஒண்ணும் கெடைக்காம யாராவது இவ்வளவு அலைவாங்களா?” செல்வி, “உங்களுக்கு மைக் வாடகை கெடைக்குதில்ல, பேசாம இருங்க” என்றாள்.

முதல் ஏலம் அல்சூரில் ஒரு சந்தில். பூசணிக்காய் மேடம் வீட்டுக் கொடியில் காய்த்த சாம்பல் பூசணி, ஒரு கைக்குழந்தை கனம். ஏலம் விட்டவர் வில்சன் அண்ணன். சர்ச் ஏலத்தில் அவர்தான் எப்போதும். வாயைத் திறந்தால் கஞ்சனும் பையில் கையை விடுவான். “அஞ்சு ரூபா, அஞ்சு ரூபா, வெங்கடலட்சுமம்மா கையில பொறந்தவன் எவனும் இங்க இல்லியா? அட, பத்து! இவன் பொறந்தவன்!” பூக்காரி ஆறு ரூபாய்க்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். இறைச்சிக் கடை பாய் பத்து ரூபாய்க்கு எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஆட்டோக்காரர் ஒருவர் எடுத்து, வண்டியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்தார். அன்று அந்தக் காய் எத்தனை பேர் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சந்தில் ஒவ்வொருத்தரும், “நான் எடுத்த பூசணிக்காய்” என்று பேசிக்கொண்டு போனதைக் கேட்டேன். அப்போதுதான் லேசாகப் புரிந்தது. கூடவே இன்னொரு சந்தேகமும் வந்தது: இவ்வளவு புத்திசாலியாக இருக்கிற அம்மாவை எப்படி நம்புவது?

எம்.எல்.ஏ. ஆட்களுக்குத் தெரியாமல் இருக்க, ஏலம் எங்கே என்பதை அன்று காலையில்தான் மேடம் வீட்டு முன்னறையில் முடிவு செய்வோம். இருப்பது நான்கு பேர். மேடம், வெங்கடலட்சுமம்மா, வில்சன் அண்ணன், மைக் போடுகிற நான்.

மூன்றாவது ஏலம் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம். நல்ல கூட்டம். நாற்பது ரூபாய், நாற்பத்தைந்து என்று போய்க்கொண்டிருந்தது. பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர் கை தூக்கினார். “ஐயாயிரம்.”

பெரிய தொகை காதில் விழுந்தால் கை தட்டுவது ஏலத்தில் ஊறிய பழக்கமல்லவா, தட்டிவிட்டார்கள். வில்சன் அண்ணன் குரலும் ஏறியது. “ஐயாயிரம் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!” மேடம், “வில்சா, நிறுத்து!” என்றது கைதட்டலில் மூழ்கிவிட்டது. மூணு தரம் சொன்னது சொன்னதுதான். வெள்ளைச் சட்டைக்காரர் நோட்டுக்கட்டை மேஜையில் வைத்தார். பூசணிக்காயை எடுத்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. காரில் வைத்துக்கொண்டு போயே விட்டார். அந்தத் தெருவில் அத்தனை பேரும் வழக்கம் தெரிந்தவர்கள். வழக்கம் தெரியாத ஒருவர் வந்துவிட்டுப் போனார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் அந்தப் பூசணிக்காய் தொங்கியது. முழி பிதுங்கிய ராட்சச முகம் வரைந்து, மீசை வைத்து, கயிற்றில் கட்டித் திருஷ்டிக்கு மாட்டியிருந்தார்கள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், “அந்தம்மா எலெக்‌ஷன் செலவுக்கு நம்ம சாஹேப்ருதான் பணம் குடுக்கறாரு” என்று ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பூக்காரி கேட்டுவிட்டாள்: “அப்ப நாங்க குடுத்த அஞ்சும் பத்தும் எதுக்குங்க?”

அந்தக் கேள்விதான் எங்களை உடைக்கப் பார்த்தது. அஞ்சும் பத்தும் கொடுத்தவர்கள் ஒருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டால் வெங்கடலட்சுமம்மா எதிர்ப்பதும் முடிந்தது, ஆஸ்பத்திரியும் முடிந்தது.

அடுத்த கேள்வி, ஏலம் நடக்கிற இடத்தை அவர்களுக்குச் சொன்னது யார்? முன்னறையில் நான்கு பேர்தான். மூன்று பேரைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. எம்.எல்.ஏ. கூட்டத்துக்கும் மைக் போடுகிறவன் ஒருவன் இருக்கிறானே. ஆதரவாளர்கள் ஏழெட்டுப் பேர் வந்து மேடத்திடம் நேராகவே சொன்னார்கள், நான் அங்கே இருக்கும்போதே. எனக்காகப் பரிந்து பேசியவர் வில்சன் அண்ணன் ஒருவர்தான். “முருகேசன் அப்படிப்பட்ட ஆளில்லங்க. புள்ளகுட்டிக்காரன்.”

நான் மேடம் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர், “பாக்கலாம்” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். வீட்டு போனில் பேசினால் யார் காதில் விழுமோ என்றிருந்த நேரம். எம்.எல்.ஏ. எப்போது ஆபீசில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு, நேரில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகத் திட்டம். எதிர்ச் சுவரில் ‘மக்கள் குறை கேட்கும் எண்’ என்று அவர்களே ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள். நான் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். மேடம் சுழற்றினார்.

அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். மேடம் வாயைத் திறந்தார். பேசவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடியே கொஞ்சம் நின்றார். பிறகு, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல அதை வைத்தார்.

“என்னாச்சு மேடம்?”

“ராங் நம்பர்.”

ஆயுசெல்லாம் ஊருக்கு நம்பர் போட்டுக் கொடுத்தவர் சொல்கிறார், ராங் நம்பர் என்று. சுவரைத் திரும்பப் பார்த்தேன். நம்பர் அங்கேயேதான் இருந்தது. மறுபடி போடலாம் என்றேன். வேண்டாம் என்றார். பக்கத்துக் கடையில் இரண்டு டீ வாங்கினார். தன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “முருகேசா, ஒரு லைன்ல இரைச்சல் வந்தா நல்ல ஆபரேட்டர் லைனைக் கட் பண்ண மாட்டா. கனெக்‌ஷனை வேற வழியா மாத்திக் குடுப்பா” என்றார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அந்தப் பக்கம் எடுத்தவர் இவருக்குத் தெரிந்தவர். என் எதிரில் பேச முடியாத ஆள். ஓகோ, எம்.எல்.ஏ.வோடு அம்மாவுக்கே ஏதோ இருக்கிறது! அன்றிரவு செல்வியிடம் சொன்னேன். “அவங்க உங்களைச் சந்தேகப்படறாங்க, நீங்க அவங்களைச் சந்தேகப்படறீங்க. எம்.எல்.ஏ. நிம்மதியா தூங்கறாரு” என்றாள்.

மறுநாள் முன்னறிவிப்பு இல்லாமலே போனோம். நாற்பது ஐம்பது பேர் இருக்கும். வில்சன் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. எம்.எல்.ஏ. வெளியே வந்து, தொங்குகிற பூசணிக்காய்க்குக் கீழே நின்று கும்பிட்டார்.

“ஏனம்மா, ஐயாயிரம் பத்தலையா? இன்னும் வேணுமா?”

அவர் ஆட்கள் சிரித்தார்கள். மேடம் நோட்டுக்கட்டை நீட்டினார். மைக் இல்லை. அந்தக் குரலுக்கு மைக் தேவையும் இல்லை.

“சார், எங்க ஏலத்துல அம்பது ரூபாய்க்கு மேல வாங்கறதில்ல. உங்க ஆளுக்கு அது தெரியல. அம்பது எடுத்துக்கிட்டேன். மிச்சம் இதுல இருக்குது, எண்ணிக்குங்க.”

“அம்பது எதுக்கம்மா எடுத்துக்கிட்டீங்க?”

“யார் குடுத்தாலும் அம்பது வரைக்கும் வாங்குவோம் சார். உங்களைத் தோக்கடிக்க நீங்களும் அம்பது குடுத்திருக்கீங்க. ரொம்ப தேங்க்ஸ்.”

கூட்டம் மட்டுமல்ல, மனு கொடுக்க வரிசையில் நின்றவர்களும் கைதட்டிவிட்டார்கள். எம்.எல்.ஏ. முகம் மேலே தொங்கிய முகம்போல ஆனது. யாரோ பூசணிக்காயையும் திருப்பிக் கேட்கச் சொன்னார்கள். வெங்கடலட்சுமம்மா, “பேடப்பா. திருஷ்டிக்குக் கட்டினதை யாரும் திருப்பி வாங்க மாட்டாங்க. அங்கயே இருக்கட்டும். ஒடைக்கிற நாள் வரும்” என்றார்.

சாயங்காலமே பூக்காரி வந்து பத்து ரூபாய் கொடுத்தாள். “எம்.எல்.ஏ.வே குடுக்கறாராம், நான் குடுக்க மாட்டனா?”

அதற்குப் பிறகு வில்சன் அண்ணன் ஏலம் விடவில்லை. “அவனுக்குத் தொண்டை சரியில்ல” என்று, கொடியிலிருந்து பறித்த வேறொரு காயை வைத்து மேடமே விட்டார். வில்சன் அண்ணனுக்கு எல்லாருக்கும் டீ கொடுக்கிற வேலை. காலைக் கூட்டங்களில் மட்டும் வழக்கம்போல உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு காலையில், ஏலம் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் என்று மேடம் சொன்னார். நான் போய் மைக் கட்டினேன். ஏலத்துக்கு ஒரு ஆளும் வரவில்லை. எம்.எல்.ஏ. பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பின்னாலேயே போலீஸ் வந்து மைக்குக்கு அனுமதி எங்கே என்றது. காலி ரோட்டில், “செக், செக்” என்று சொல்லிக்கொண்டு நான் ஒருவனே நின்றேன். அதே நேரத்தில் அல்சூர் ஏரிப் பக்கச் சந்தில், மைக்கே இல்லாமல், மேடம் தன் குரலில் ஏலத்தை முடித்துவிட்டார்.

நேராக வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். “மேடம், நான் என்ன தூண்டில்ல மாட்டின புழுவா?”

“புழு இல்லப்பா. வாடகை மைக்” என்று சொல்லி வாடகையை எடுத்து வைத்தார். பிறகு, “சந்தேகப்படற ஆளை வெளிய நிறுத்தினா அவன் என்ன பண்றான்னு நமக்குத் தெரியாது. பக்கத்துல உக்கார வெச்சு டீ குடுத்தா தெரியும்” என்றார்.

சொன்னது என்னைத்தான் என்று நினைத்தேன். அந்த வீட்டில் கொஞ்ச நாள் டீ குடிக்காமல் இருந்தேன். அந்த வாரமே ஊரில் பேச்சு வேறு வந்தது: எம்.எல்.ஏ. பசங்க எங்க நிக்கறாங்களோ அங்கதான் முருகேசன் மைக்கும் இருக்குது.

எலெக்‌ஷன் முடிவு உங்களுக்குத் தெரியும். எம்.எல்.ஏ. தோற்றார். எங்கள் வெங்கடலட்சுமம்மா ஜெயிக்கவில்லை, மூன்றாவதாக வந்தார். ஜெயித்தது வேறு கட்சிக்காரர். ஆனால் எங்கள் அம்மா வாங்கிய ஓட்டெல்லாம் யாருக்குப் போயிருக்க வேண்டிய ஓட்டு என்று டீக்கடையில் இன்றும் கணக்குப் போடுவார்கள். முடிவு வந்த அன்று திருஷ்டிப் பூசணிக்காய் அழுகித் தானாகவே கீழே விழுந்தது என்பார்கள். நான் பார்க்கவில்லை, நம்பவும் இல்லை, யாரோ அறுத்துவிட்டிருப்பார்கள். புது எம்.எல்.ஏ. ஆஸ்பத்திரிப் பூட்டைத் திறந்தார். வாசல் கல்லில் தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார். வெங்கடலட்சுமம்மா மேடத்திடம் மனத்தாங்கலாகச் சொன்னபோது, “கல்லுல யார் பேரு இருந்தா என்ன, கட்டில்ல புள்ள பொறக்குதில்ல?” என்றார் மேடம்.

என் பெயரில் ஒட்டிய கறையைத்தான் யாரும் துடைத்துவிடவில்லை. மேடமும் துடைக்கவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; நான் வந்தால் பேச்சு மாறும், அவ்வளவுதான். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் மேடம் வீட்டிலிருந்து கல்கல், ரோஸ் குக்கி, பிளம் கேக் முதலில் வருவது எங்கள் வீட்டுக்கு. இது பாசமா, பரிகாரமா, வாயை அடைக்கவா என்று வருடா வருடம் யோசிப்பேன். யோசித்து முடிப்பதற்குள் செல்வியும் பவித்ராவும் தின்று முடித்துவிடுவார்கள்.

வில்சன் அண்ணனை மட்டும் மேடம் முன்னைவிட அதிகமாகக் கவனித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் தன் எதிரில் உட்கார வைத்து, முதல் தட்டு அவருக்குத்தான் போடுவார். மனைவி போன பிறகு அவருக்கு மூன்று வேளையும் அக்கா கைச் சாப்பாடுதான். தம்பிமேல் அவ்வளவு உயிர் என்று நினைத்துக்கொள்வேன்.

போன ஞாயிறு சர்ச் ஹாலில் நினைவுக் கூட்டம். மைக் என்னுடையது, வாடகை இல்லை. அதை எடுத்து வைக்கத்தான் மேடம் இல்லையே. ஒவ்வொருவராகப் பேசினார்கள். கடைசியில் வில்சன் அண்ணன் எழுந்து வந்தார். அவருக்காக மைக்கை நானே பிடித்துக்கொண்டேன்.

“அக்கா நல்லவங்கன்னு எல்லாரும் சொல்லிட்டீங்க. நான் வேற ஒண்ணு சொல்லணும்” என்றார். “அன்னிக்கி ஏலம் எங்கன்னு எம்.எல்.ஏ. ஆளுங்களுக்குச் சொன்னது முருகேசன் இல்ல. நான். பையனுக்கு வேலை போட்டுத் தரேன்னாங்க. மூணு தரம்னு சொன்னது பழக்கத்துல இல்ல. வேணும்னேதான் சொன்னேன்.”

அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

“ஒரு நாள் மாட்டிருக்கணும். காலையில அவங்க ஆபீஸ்ல உக்காந்திருந்தேன். போன் அடிச்சுது, பக்கத்துல யாரும் இல்ல. வீட்டுப் பழக்கத்துல எடுத்து, ‘குட் மார்னிங், சொல்லுங்க, லைன்ல இருக்கேன்’னுட்டேன். அந்தப் பக்கம் யாரோ பேசாமலே வெச்சிட்டாங்க. அன்னிக்கி பயந்து காய்ச்சல் வந்து படுத்தேன். நல்லவேளை, அக்காவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. தெரியாமலே போயிட்டாங்க. சொல்லி மன்னிப்புக் கேக்காம விட்டுட்டேன். அதுதான் தாங்க முடியல.”

ஹால் முழுக்க என் பக்கம் திரும்பியது. பவித்ரா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது. இறைச்சிக் கடை பாய் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்து நான் யோக்கியன். அதைக் கொஞ்சம் ரசித்துக்கொண்டேன், பொய் சொல்வானேன். ஆனால் என் மனசு அங்கே இல்லை. எஸ்.டி.டி. பூத்தில், குடிக்காமல் ஆறிப்போன ஒரு டீயிடம் இருந்தது.

மேடம் என்னிடம் விட்டுவிட்டுப் போனவை கொஞ்சம்தான். எங்கள் வீட்டில் இப்போது போன் அடித்தால் பவித்ரா “சொல்லுங்க, லைன்ல இருக்கேன்” என்கிறாள். நானும் சொல்லிப் பழகுகிறேன். மைக் வாடகைக்கு யாராவது அளவுக்கு மேல் கொடுத்தால் ஏன் என்று கேட்கிறேன். சந்தேகம் மட்டும் போகவில்லை. ஆனால் சந்தேகப்படுகிற ஆளுக்கு டீ கொடுக்கிறேன். அதுவும் அவரிடம் படித்ததுதான். தம்பியைக் காப்பாற்ற என்னை வெயிலில் நிறுத்தினாரே என்று கோபம் வரவில்லையா என்றால், வந்தது. கல்கல்லின் கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று ஹாலில் மைக் என் கையில் இருந்தது. சுவிட்சும் போட்டிருந்தது. ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. கல்யாண மண்டபத்தில் பட்டது நினைவுக்கு வந்ததோ, மேடத்தை யாரும் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்று தோன்றியதோ, விழுங்கிவிட்டேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் சுவிட்சை அணைத்தேன்.

வில்சண்ணே, அன்னிக்கி அந்தப் பக்கம் லைன்ல இருந்தது உங்க அக்காதான்.